இளையோர் பகுதிக்குக் கலைக்களஞ்சியங்கள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

அரசலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், கோயில் குளத்தின் வடகரையில் இருக்கும் பழைய சத்திரக் கட்டடத்தில், ஊர்மக்களாகச் சேர்ந்து ஒரு சிறிய நூலகத்தை நடத்திவருகிறோம். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று இந்த ஆண்டு தனியாக ஒரு பகுதி அமைக்க முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு சென்று வேலை பார்க்கும் ஒருவர், அந்தப் பகுதிக்குக் கலைக்களஞ்சியங்கள் வாங்க வேண்டும் என்று குறிப்பிட்டு 50,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். பணம் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பழைய அனுபவம் ஒன்று கையைக் கட்டிப்போட்டிருப்பதால், இன்னும் ஒரு ரூபாயைக்கூட நான் செலவழிக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஊர் ஊராக வந்து நூல் விற்கும் ஒருவரிடம் இருபது தொகுதிகள் கொண்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தவணையில் வாங்கினோம். முதுகில் பொன்னெழுத்து, கெட்டி அட்டை, பளபளப்பான தாள் என்று பார்த்தவுடன் மயக்கும் தோற்றம் அதற்கு இருந்தது. அச்சிட்ட ஆண்டும் புதியதாகவே போடப்பட்டிருந்தது. வாங்கிய பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான், அதில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருப்பதும், சூடான் இன்னும் ஒரே நாடாக இருப்பதும் தெரிந்தன. பழைய உள்ளடக்கத்தைப் புதிய அட்டைக்குள் வைத்து எங்களிடம் விற்றுவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் அதை எடுத்துப் படித்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஓட்டிலிருந்து சொட்டிய நீர் அலமாரிக்குள் இறங்கியது. நான் கவனித்தபோது தொகுதிகள் காய்ந்துவிட்டிருந்தன, ஆனால் வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டிருந்தன. மனித உடலைப் பற்றிய தொகுதியை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆவலோடு எடுத்து, இதயத்தின் படம் உள்ள பக்கத்தை மெல்லப் பிரித்தாள். படத்தின் சிவப்பு முழுவதும் எதிர்ப்பக்கத்தோடு உரிந்துபோய், அவள் கையில் இருந்த பக்கத்தில் வெள்ளைத் தாள் மட்டுமே மிஞ்சியது. அவள் தான் தவறு செய்துவிட்டதாக நினைத்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆகவே இந்த முறை அவசரப்படாமல் கேட்டுச் செய்ய விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படிப்பவர்கள். தமிழில் வாங்குவதா, ஆங்கிலத்தில் வாங்குவதா? பல தொகுதிகள் கொண்ட வரிசையாக ஒன்றை வாங்குவதா, தனித்தனி நூல்களாகப் பலவற்றை வாங்குவதா? நூலகத்திலேயே வைத்துப் பார்க்கச் சொல்வதா, வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா? எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் இந்த நூல்கள் தேவைதானா என்று எங்கள் குழுவிலேயே இருவர் கேட்கிறார்கள். அவர்களுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.


வெட்டாறு எழுதியது:

அரசலாற்றங்கரை அவர்களுக்கு வணக்கம். தஞ்சைப் பகுதியில் பொது நூலகங்களில் முப்பத்தோராண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களுக்கு நேர்ந்தது போன்ற ஏமாற்றத்தைப் பல பள்ளிகளிலும் நூலகங்களிலும் கண்டிருக்கிறேன். எனவே எதை வாங்கக்கூடாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படிக்காமல் எந்தக் கலைக்களஞ்சியத்தையும் வாங்காதீர்கள். ‘மறுபதிப்பு’ என்பதும் ‘திருத்திய பதிப்பு’ என்பதும் ஒன்றல்ல. மறுபதிப்பு என்றால் பழைய பக்கங்களையே மீண்டும் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே என்ன எழுதியிருந்தாலும், உள்ளே போய் நீங்களே சோதித்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. புளூட்டோவைக் குறுங்கோள் என்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் வகைப்படுத்தியது 2006 ஆகஸ்டில். தென் சூடான் தனிநாடானது 2011 ஜூலையில். தெலங்கானா உருவானது 2014 ஜூனில். தனிம அட்டவணையின் ஏழாவது வரிசையை நிறைவு செய்த 113, 115, 117, 118 ஆகிய நான்கு தனிமங்களுக்கும் பெயர் உறுதியானது 2016 நவம்பரில். கிலோகிராமுக்கான வரையறை, பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட உலோக உருளையை விட்டுப் பிளாங்க் மாறிலியை அடிப்படையாகக் கொண்டது 2019 மே மாதத்தில். இந்த ஐந்தையும் புரட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்த நூல் உண்மையில் எந்த ஆண்டோடு நின்றுவிட்டது என்பது தெரிந்துவிடும். விற்பவர் பிரித்துப் பார்க்க இடம் தரவில்லை என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்து, பெரிய வரிசைகளைப் பற்றி. என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா 1768இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கி, 32 தொகுதிகள் கொண்ட 2010ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சில் நின்றுவிட்டது. இனி அச்சிடுவதில்லை என்று 2012 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள். இன்று எவரேனும் அந்தப் பெரிய வரிசையைப் புதியது என்று சொல்லி விற்க வந்தால், அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். வேர்ல்டு புக் கலைக்களஞ்சியம் 1917இல் தொடங்கியது. இன்றும் 22 தொகுதிகளாக ஆண்டுதோறும் திருத்தி அச்சிடப்படுகிறது. ஒரு தலைப்பை எந்த வயதினர் தேடி வருவார்களோ அவர்களுக்கேற்ற மொழியில் அதை எழுதுவது, கடினமான சொல் வரும் இடத்திலேயே அதன் பொருளையும் சொல்லிவிடுவது என்பவை அதன் சிறப்புகள். வளரிளம் பருவத்தினருக்கு ஆங்கிலத்தில் அதைவிடப் பொருத்தமான பெரிய வரிசை ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அது உங்கள் தொகைக்குள் அடங்காது. அடங்கினாலும், பணம் முழுவதையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டால் அடுத்த பத்தாண்டுகளுக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். அதனால் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் நிலைமை வேறு. 1946இல் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதே தூரனின் பொறுப்பில் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கப்பட்ட பின், அறிவியல் களஞ்சியத்தைப் பத்தொன்பது தொகுதிகளாகவும் வாழ்வியற் களஞ்சியத்தைப் பதினைந்து தொகுதிகளாகவும் கொண்டுவந்தது. 2007இல் பிரிட்டானிகா தகவல் களஞ்சியம் மூன்று தொகுதிகளாகத் தமிழில் வெளிவந்தது. இவை எவையும் நான் மேலே சொன்ன ஐந்து சோதனைகளில் முழுமையாகத் தேறமாட்டா. ஆனாலும் இவற்றை ஒதுக்கச் சொல்லமாட்டேன். மண்புழு எப்படி மூச்சுவிடுகிறது, சங்கு எப்படி வளர்கிறது, வில்லுப்பாட்டு என்றால் என்ன என்பவற்றுக்கான விடைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அத்தகைய செய்திகளைச் சுருக்கமாக, பிழையற்ற தமிழில், மேல்நாட்டு உதாரணங்களைக் கடன் வாங்காமல் சொல்லும் கலையைத் தூரனுடைய தொகுதிகளில் பிள்ளைகள் காணலாம். தூரனின் இரண்டு வரிசைகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மின்னுருவில் இருக்கின்றன. எனவே பழைய அச்சுத் தொகுதிகளுக்காகப் பெரும் பணம் கொடுக்க வேண்டாம். நூலகத்தில் கணினி இருந்தால் அதில் திறந்து காட்டுங்கள். எங்கேனும் நல்ல நிலையில் நன்கொடையாகக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கி வைத்து, ‘1954 முதல் 1968 வரை எழுதப்பட்டது’ என்று ஓர் அட்டையை அலமாரியில் ஒட்டிவிடுங்கள். எந்தக் காலத்து அறிவைப் படிக்கிறோம் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை தெரிந்துகொண்டு படிப்பதில் தவறில்லை.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் கைப்பேசியே விரைவானது, அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் என்ன கேட்பது என்றே தெரியாத பிள்ளைக்குக் கைப்பேசி உதவாது. தேடிப் போகாத ஒன்றைக் கண்ணில் காட்டும் வேலையை, விரித்து வைத்த ஒரு பெரிய பக்கம்தான் செய்கிறது.


குடமுருட்டி எழுதியது:

திருவாரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வெட்டாறு ஐயா சொன்ன சோதனைகளோடு உள்ளூர்ச் சோதனை ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். எந்த நூலை வாங்குவதாக இருந்தாலும் அதில் ‘நெல்’ என்ற பகுதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்றையும் நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயல் ஒன்றின் படத்தைப் போட்டு, ஆசியாவில் நெல் விளைகிறது என்று இரண்டு வரியில் முடித்துவிடும் நூலை நம் பிள்ளை நம்பிப் படிக்குமா? தனக்குத் தெரிந்த ஒன்றை அந்த நூல் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதை வைத்துத்தான், தெரியாதவற்றில் அதை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். நெல்லைப் போலவே கழிமுகம், அலையாத்திக் காடு, ஆழிப்பேரலை, புயல் ஆகியவற்றையும் பாருங்கள். முத்துப்பேட்டையின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உப்புநீரில் அந்த மரங்கள் எப்படி மூச்சுவிடுகின்றன என்ற விளக்கம், அங்கே படகில் போய் வந்த பிள்ளைக்கு ஒத்துவர வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, இரண்டிலும் வாங்குவதுதான் சரி. கலைச்சொற்களில் மட்டும் ஒரு சிக்கல் வருகிறது. எங்கள் பாடநூலில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஐதரசன், ஆக்சிசன் என்று இருக்கிறது. ஆக்சிஜனே பழைய நூல்களில் பிராணவாயு என்றும் தனித்தமிழ் நூல்களில் உயிர்வளி என்றும் இருக்கும். பெரியவர்களுக்கு இது பொருட்டல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆக்சிஜனின் இந்தப் பெயர்களை நான்கு வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்துக் குழம்புவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆகவே அலமாரியின் ஓரத்தில் பெரிய எழுத்தில் ஒரு சொல் அட்டவணை தொங்கவிடுங்கள். பாடநூலில் உள்ள சொல் முதலில் வரட்டும், எதிரே மற்ற வடிவங்களும் ஆங்கிலச் சொல்லும் இருக்கட்டும். நாற்பது ஐம்பது சொற்கள் போதும். பிள்ளைகளே மேலும் சேர்த்துவிடுவார்கள்.

அகரவரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் இருந்த பழைய தமிழ்த் தொகுதி ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்து, ‘மகரந்தம்’ என்ற தலைப்பை எடுக்கச் சொன்னேன். அவன் விரலை மடக்கி, க, ங, ச, ஞ என்று முதலிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே ‘ம’ வரை வந்தான். பிறகு அடுத்த எழுத்தில் தடுமாறி, ‘மண்புழு’ வரை போய்விட்டான். நான் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அவன் மண்புழுவைப் படிக்கத் தொடங்கிவிட்டான். அவன் வீட்டில் மண்புழு உரத் தொட்டி இருக்கிறது. மகரந்தம் அன்று கிடைக்கவில்லை, ஆனால் மறுநாள் அவன் தானாக வந்து அதே தொகுதியைக் கேட்டான். அகரவரிசையில் சொல் தேடுவதை நாம் யாரும் அவர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளில் தொடங்கும் தலைப்புகளை ஒவ்வொரு நூலும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கும் என்பதையும் சேர்த்து, திறப்பு நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுங்கள். அதைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தொகுதிகள் அலமாரியிலேயே இருந்துவிடும்.

ஆங்கிலத்தில், படமும் படத்துக்குரிய குறிப்பும் முதன்மையாக உள்ள ஒற்றைத் தொகுதி நூல்களையே தேர்ந்தெடுங்கள். டார்லிங் கிண்டர்ஸ்லி வெளியிடும் நூல்களில் படத்தின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருப்பதால், தமிழ்வழி மாணவர்கள் படத்தைப் பற்றிக்கொண்டே ஆங்கிலத்துக்குள் போய்விடுகிறார்கள். பிரிட்டானிகா 2020இல் வெளியிட்ட ஒற்றைத் தொகுதிச் சிறுவர் கலைக்களஞ்சியம் அகரவரிசையில் அமையாமல், அண்டத்தின் தோற்றத்தில் தொடங்கி இன்றைய உலகம் வரை காலவரிசையில் செல்கிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்பினருக்கு அது நன்றாகப் பொருந்தும். பதினொன்றாம் வகுப்பினருக்குச் சற்று இளையதாகத் தோன்றலாம்.


கொள்ளிடக்கரை எழுதியது:

வீட்டுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் அதற்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதற்கான மிகச் சிறந்த சான்று உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது.

1903ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கையில், நண்பர் வழியாக, ஒரு நூலகத்துப் புத்தகம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த நூல் அது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல்கள் இல்லாமலோ மிகச் சுருக்கமான குறிப்புகளோடோ வரிசையாக அடுக்கிய நூல். கதை சொல்லும் நூலோ, கற்பிக்கும் நூலோ அல்ல. எடுத்துப் பார்ப்பதற்கான தொகுப்பு, அவ்வளவுதான். சீனிவாச இராமானுஜன் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவையும் தானே நிறுவிப் பார்த்தார். அதிலிருந்துதான் அவருடைய சொந்தக் கணிதம் கிளைத்தது. அந்த நூலை நூலகத்துக்கு வெளியே எடுத்துச் செல்லக்கூடாது என்று யாரேனும் தடுத்திருந்தால், ஒரு மாலைப்பொழுதில் அதை அவர் எவ்வளவு பார்த்திருக்க முடியும்?

எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நோக்கு நூல் என்று நாம் பெயரிட்டு வைத்திருப்பதும் முழுமையாகப் படிக்கப்படக் கூடியதுதான், அதற்கு வேண்டியது நேரமும் தனிமையும் என்பதே என் கருத்து. சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைத் தம் ஐந்து நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். அந்த விதிகள் நூலாக வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டில்தான் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். வண்டியில் ஏற்றி வாசகரைத் தேடிப் போன மண்ணில், வாசகர் தேடி வந்த பிறகும் கொடுக்க மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒற்றைத் தொகுதி நூல்களில் சிலவற்றை இரண்டு பிரதிகளாக வாங்குங்கள். ஒன்று நூலகத்திலேயே இருக்கட்டும், மற்றொன்றைச் சனிக்கிழமை மாலை கொடுத்துத் திங்கட்கிழமை திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வளரிளம் பருவத்தினருக்கு என்பதால் எளிமையானவற்றை மட்டுமே வாங்கிவிடாதீர்கள். தமிழ் இலக்கிய, புராணச் செய்திகளை அகரவரிசையில் தரும் கலைக்களஞ்சியமான அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது, அதன் நடை இன்றைய பிள்ளைகளுக்குக் கடினம். ஆனாலும் பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி புராணப் பெயர் ஒன்றைத் தேடி அதைப் புரட்டினால், அவள் அதோடு நிறுத்தமாட்டாள். கடினமான நூல் ஒன்றாவது அந்த அலமாரியில் இருக்க வேண்டும்.


முள்ளியாறு எழுதியது:

நான் கிராம சுகாதாரச் செவிலியர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கிறேன். நூலகங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்த மாணவி இதயத்தின் பக்கத்தைப் பிரித்ததைப் படித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனித உடலைப் பற்றிய தனி நூல் ஒன்றை, வேறு எதைக் குறைத்தாலும், கட்டாயம் வாங்குங்கள். அதில் பூப்பு, மாதவிடாய், ஆண் பிள்ளைகளின் உடல் மாற்றங்கள், மனச்சோர்வு ஆகியவை தெளிவாகவும் படங்களோடும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சில நூல்களில் செரிமான மண்டலம் ஆறு பக்கமும் இனப்பெருக்க மண்டலம் அரைப் பக்கமும் இருக்கும். அத்தகைய நூல் இந்த வயதினருக்குப் பயன்படாது. என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் பலர், அம்மாவிடமும் கேட்கத் தயங்கி, வகுப்புத் தோழி சொன்ன தவறான செய்தியை நம்பிப் பயந்துபோய் வருகிறார்கள். யாரிடமும் கேட்காமல், பெயர் எழுதாமல், தானே எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடக்கூடிய ஒரு நூல் அவர்களுக்கு வேண்டும். எனவே அதைப் பூட்டிய அலமாரியிலோ நூலகர் மேசைக்கு நேர் எதிரிலோ வைக்காதீர்கள். சன்னல் பக்கம் ஓர் ஓரத்தில் வையுங்கள். பக்கத்திலேயே விலங்குகள், விண்வெளி நூல்களும் இருந்தால், அவள் எதை எடுத்தாள் என்று யாரும் கவனிக்கமாட்டார்கள்.


அரசலாற்றங்கரை எழுதியது:

செவிலியர் அம்மாவுக்கு என் தனி நன்றி. நூலகர் மேசைக்கு எதிரில் வைக்கக்கூடாது என்பது என் எண்ணத்திலேயே வந்திருக்காது. வெட்டாறு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கட்டடத்தின் ஓட்டை மாற்றிவிட்டோம். ஆனாலும் அடைமழைக் காலத்தில் சுவர் ஈரம் ஏறுகிறது. இந்த வழவழப்பான தாள் நூல்களை எப்படிக் காப்பது?


வெட்டாறு எழுதியது:

சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு, அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, இரும்பு அலமாரியாக வையுங்கள். சுவர் அலமாரி வேண்டவே வேண்டாம், கரையான் அந்த வழியாகத்தான் வரும். நூல்களை விரல் நுழையாதபடி நெருக்கி அடுக்கக் கூடாது. கனமான பெரிய நூல்களைப் படுக்கையாக வைத்தால் தையல் விட்டுப்போகாது. இராமபாணப் பூச்சிக்கு, சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைப்பதுபோல், வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது நம் பகுதியில் பழைய பழக்கம். அதையே நீங்களும் செய்யலாம்.

நூல் நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடுவது பெரும் தவறு. வழவழப்பான தாளின் மேற்பூச்சு ஈரத்தில் பசைபோல ஆகும். அந்த நிலையில் இரண்டு பக்கங்கள் ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான். அந்த மாணவியின் கையில் தவறில்லை என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே வழவழப்பில்லாத வெள்ளைத் தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்த வேண்டும். இடையில் வைத்த தாள் ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு ஒரு நாள் முழுவதும் இருவர் உட்கார வேண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 50,000 ரூபாயையும் இந்த ஆண்டே செலவழிக்காதீர்கள். முப்பதாயிரத்துக்கு இப்போது வாங்குங்கள். மீதியை அஞ்சலகத்தில் போட்டுவைத்து, ஆண்டுக்கு ஐயாயிரம் என்று புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆண்டுதோறும் வரும் தமிழ் மனோரமா இயர்புக்கை அதில் கட்டாயம் சேருங்கள். பெரிய தொகுதிகள் விட்டுவிடும் புதிய செய்திகளை அது ஈடுசெய்யும். இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊர் என்றால், கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2003இல் தொடங்கிய அதில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. தரம் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபடும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லியே காட்டுங்கள்.


அரசலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் பதினோரு பேரை நூலகத்துக்கு வரச் சொல்லி, நண்பர்களிடமிருந்து இரவலாகப் பெற்ற ஆறு நூல்களைத் தரையில் பாய் விரித்து வைத்தேன். ஐந்து சோதனைகளையும் நெல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவர்களையே பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு நூல்களை அவர்களாகவே தள்ளிவிட்டார்கள். ஒன்றில் தெலங்கானா இல்லை. மற்றொன்று அண்மையில் வந்ததுதான், ஐந்து சோதனைகளிலும் தேறியது. ஆனால் அதில் நெல் நாற்றுக்கும் கதிருக்கும் இடையில் உள்ள பருவமே இல்லை என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். அவர்கள் சேர்த்த ஏழாவது சோதனை எனக்குத் தோன்றாதது: மயிலாடுதுறையை மாவட்டமாகக் காட்டும் தமிழ்நாட்டு வரைபடம் ஏதேனும் ஒன்றிலாவது இருக்கிறதா என்று தேடினார்கள். அது தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். ஆறில் ஒன்றிலும் இல்லை. அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் அத்தை வீடு மயிலாடுதுறையில் இருக்கிறது. மாவட்டங்களைப் புதிதாகக் காட்டும் சுவர் வரைபடம் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

மனித உடலைப் பற்றிய நூல் இரண்டு பிரதிகள், விண்வெளி ஒன்று, விலங்குகள் ஒன்று, அறிவியல் ஒன்று, உலக வரலாறு ஒன்று, காலவரிசையில் அமைந்த பிரிட்டானிகா இரண்டு பிரதிகள், அபிதான சிந்தாமணி ஒன்று, இயர்புக் ஒன்று என்று முதல் கட்டமாக முடிவு செய்திருக்கிறோம். தமிழில் அறிவியல் களஞ்சியத்தின் சில தொகுதிகளைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே நேரில் பார்த்துவிட்டு வாங்க, அடுத்த வாரம் தஞ்சாவூர் போகிறேன். அவற்றை நேரில் பயன்படுத்தியவர்கள் எந்தத் தொகுதிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். குடமுருட்டி அம்மா சொன்ன சொல் அட்டவணையைப் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள், இதுவரை இருபத்திரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. பழைய தொகுதியில் பக்கம் உரிந்துபோன அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, வெட்டாறு ஐயா சொன்னதை அவளிடம் சொல்லி, புதிய நூலில் இதயத்தின் பக்கத்தை முதலில் அவளையே திறக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.